ஆயுத பூஜைக்குள் ஒரு டார்ச் லைட்: கார் வைத்திருப்பவர்களுக்குத் திறந்த மடல்

தமிழ்நாட்டுச் சாலைகளில் குடும்பத்தோடு இரவுப் பயணம் போகும் கார் உரிமையாளர்களுக்கு,

உங்கள் காரில் அவசரத்துக்கென்று ஒரு டார்ச் லைட் கிடக்கலாம், கிடக்காமலும் இருக்கலாம். இரு சாராரிடமும் எனக்கு ஒரு வேண்டுகோள் இருக்கிறது. அதைக் கடைசியில் வைக்கிறேன். அதற்கு முன் ஒரு வாதத்தை நீங்கள் பொறுமையாகக் கேட்க வேண்டும். காரில் வைக்கும் டார்ச்சை எவ்வளவு வெளிச்சம் அடிக்கிறது என்று பார்த்துத்தான் நாம் வாங்குகிறோம். கடைக்குள்ளேயே கூரையை நோக்கி அடித்துப் பார்க்கிறோம், பளீரென்று இருந்தால் பணத்தைக் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறோம். அந்த டார்ச் வாழப்போகும் இடமோ சித்திரை வெயிலில் கண்ணாடி ஏற்றிப் பூட்டிய கார். அங்கே மாதக்கணக்கில் சும்மா கிடந்துவிட்டு, யாரும் எதிர்பாராத ஒரு ராத்திரியில், முதல் அழுத்திலேயே அது எரிய வேண்டும். இந்த வேலைக்கு வெளிச்சம் இரண்டாம் பட்சம். அந்த வெயிலைத் தாங்கும் பேட்டரி எது என்று முதலில் முடிவு செய்ய வேண்டும், பிறகு அந்தப் பேட்டரிக்கு ஏற்ற டார்ச்சைத் தேட வேண்டும். கடையில் நாம் செய்வது இதற்குத் தலைகீழ்.

காருக்கு நீங்கள் செய்யும் செலவில் குறை காண நான் வரவில்லை. ஆனாலும் ஒரு ஆதங்கம் உண்டு. சீட் கவர், வாசனை டப்பா, பெரிய திரை, பின்பக்கக் கேமரா என்று ஆயிரக்கணக்கில் செலவழிக்கும் வீட்டில், டார்ச் மட்டும் வேறெதற்கோ இலவசமாக வந்ததாகவோ டோல்கேட்டில் கண்ணாடியைத் தட்டி விற்றதாகவோ இருக்கிறது. புது வண்டியோடு எச்சரிக்கை முக்கோணமும் முதலுதவிப் பெட்டியும் கொடுத்துவிடுகிறார்கள். அந்த முக்கோணத்தை இருட்டில் எடுத்து விரித்து வைக்கவும், முதலுதவிப் பெட்டியில் எது பஞ்சு எது கட்டுத்துணி என்று பார்க்கவும் தேவையான வெளிச்சத்தை நாமேதான் ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். 2022ஆம் ஆண்டு நாட்டிலேயே அதிகமாகச் சாலை விபத்துகள் பதிவானது தமிழ்நாட்டில்தான். மத்திய அரசின் அறிக்கைப்படி 64,105. நாடு முழுக்க எடுத்துக்கொண்டால் மாலை 6 மணியிலிருந்து 9 மணிக்குள்தான் விபத்துகள் மிக அதிகம். விபத்து வேண்டாம், வெறும் பஞ்சர் என்றே வைத்துக்கொள்வோம். அதுவும் நேரம் பார்த்து வருவதில்லை.

நான்கு வழிச் சாலையில், சர்வீஸ் ரோடு இல்லாத ஓரிடத்தில், வலப்பக்கப் பின் டயர் போய்விட்டது என்று நினைத்துக்கொள்ளுங்கள். வண்டியை இடது ஓரமாக முடிந்த அளவு ஒதுக்கி நிறுத்துகிறீர்கள். கழற்ற வேண்டிய டயர் போக்குவரத்தின் பக்கம் இருக்கிறது. டிக்கியில் உள்ள சாமான்களை இறக்கினால்தான் ஸ்டெப்னி தெரியும். ஜாக்கி எங்கே பொருந்த வேண்டும் என்பதற்குக் கதவுக்கு அடியில், தகட்டின் விளிம்பில், விரல் அகலத்துக்கு இரண்டு வெட்டு இருக்கும். அதைப் பார்க்காமல் ஜாக்கியை ஏற்றினால் தகடு மடங்கும், சில நேரம் வண்டி நழுவும். போல்ட்டைக் கழற்றி எங்கே வைத்தோம் என்று தேட வேண்டும், திரும்ப மாட்டும்போது ஒவ்வொன்றும் நேராக ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும். இதில் எந்த வேலையையும் ஒற்றைக் கையால் செய்ய முடியாது. லாரிகள் காற்றை அறைந்துகொண்டு போகும் சாலையில் வேலை எத்தனை நிமிடம் இழுக்கிறதோ அத்தனை நிமிடமும் ஆபத்து. டயர் அழுத்தத்தைக் காட்டும் கருவியும் பஞ்சர் ஒட்டும் சாமானும் இருந்தால் ஸ்டெப்னி வேண்டியதில்லை என்று 2020இல் விதி தளர்ந்தது. அப்படிப்பட்ட வண்டி என்றால் டயரில் ஆணி ஏறிய இடத்தை நீங்களே கண்டுபிடிக்க வேண்டும். கறுப்பு ரப்பரில் கறுப்புத் துளை. நல்ல வெளிச்சம் இல்லாமல் அது கண்ணில் படாது.

போனில் லைட் இருக்கிறதே என்று நீங்கள் சொல்வீர்கள். நியாயமான பதில்தான். சாவி துவாரத்தைத் தேடவும் சீட்டுக்கு அடியில் விழுந்த காசை எடுக்கவும் அது போதும். ஆனால் நெருக்கடி என்று வந்துவிட்டால் 108, 112, நெடுஞ்சாலை உதவிக்கான 1033 என்று அத்தனைக்கும் அந்தப் போன்தான் வேண்டும். இருக்கும் இடத்தைச் சொல்ல வரைபடம் திறக்கவும் அதுதான், ஊரில் காத்திருப்பவர்களுக்குத் தகவல் சொல்லவும் அதுதான். ஒரே பேட்டரியிலிருந்து இத்தனையையும் எடுத்துவிட்டு, அதே போனைத் தரையில் சாய்த்து வைத்து டயர் மாற்றினால் மழையும் சேறும் அதன் மேல்தான் விழும். போனுக்குச் சார்ஜ் போட முடியாத நாட்களையும் நாம் பார்த்திருக்கிறோம். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்த பிறகு, டெல்டாவின் பல ஊர்களுக்கு மின்சாரம் திரும்ப வாரக்கணக்கில் ஆனது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையின் பல பகுதிகளில் மின்சாரமும் இல்லை, போன் சிக்னலும் இல்லை. அப்படிப்பட்ட நாளில் போனைப் பேசுவதற்கென்று காப்பாற்றி வைக்க வேண்டுமானால், வெளிச்சத்துக்குத் தனியாக ஒரு பொருள் இருந்தே ஆக வேண்டும்.

இனி வெயிலுக்கு வருகிறேன். என் வாதம் நிற்பது இதன் மேல்தான். அமெரிக்காவின் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், வெயிலில் ஒரு மணி நேரம் நிறுத்திய கார்களுக்குள் அளந்து 2018இல் வெளியிட்ட கணக்கு இது: வெளியே 38 டிகிரிக்கு மேல் இருந்த நாட்களில் காருக்குள் காற்று சராசரியாக 47 டிகிரி செல்சியஸ், சீட் 51 டிகிரி, டேஷ்போர்டின் மேற்பரப்பு 69 டிகிரி. நிழலில் நிறுத்தியபோது டேஷ்போர்டு 48, சீட் 41. அரிசோனா பாலைவனம், நமக்கெதற்கு அந்தக் கணக்கு என்று ஒதுக்க வேண்டாம். வேலூரிலும் திருத்தணியிலும் மதுரையிலும் மே மாதத்தில் 40 டிகிரியைத் தொடுவது நமக்குப் புதிதல்ல. 2005இல் வெளியான இன்னொரு அமெரிக்க ஆய்வு, வெளியே வெப்பம் மிதமாக இருக்கும் நாட்களிலும் பூட்டிய கார் ஒரு மணி நேரத்தில் சராசரியாக 22 டிகிரி கூடுதலாகச் சூடாகிறது என்றும், அந்த ஏற்றத்தில் ஐந்தில் நான்கு பங்கு முதல் அரை மணி நேரத்திலேயே நடந்துவிடுகிறது என்றும் கண்டது. கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைப்பதால் பெரிய பலன் இல்லை என்றும் அதே ஆய்வு சொன்னது. பேட்டரிக்குள் நடப்பது ரசாயன மாற்றம். வெப்பம் 10 டிகிரி கூடினால் இப்படிப்பட்ட மாற்றங்களின் வேகம் ஏறக்குறைய இரு மடங்காகும் என்பது வேதியியலில் பழகிப்போன தோராயக் கணக்கு. சூட்டில் கெட்டுவிடும் என்பதால் இன்சுலினை யாரும் காரில் போட்டுவிட்டு அலுவலகம் போவதில்லை. பேட்டரியை மட்டும் போட்டுவிட்டுப் போகிறோம்.

கிராமத்தில் மூன்று கட்டை, ஐந்து கட்டை டார்ச் வைத்திருந்த காலத்திலிருந்தே நமக்குப் பழக்கமானது துத்தநாக-கார்பன் பேட்டரி. இன்றும் பெட்டிக்கடையில் பென்சில் செல் என்று கேட்டால் பெரும்பாலும் கைக்கு வருவது அதுதான். சுவர்க் கடிகாரத்துக்கு அது போதும். காருக்கு வேண்டவே வேண்டாம். அந்தச் செல்லின் வெளிக்கூடே துத்தநாகம். மின்சாரம் எடுக்க எடுக்க அந்தக் கூடுதான் கரைகிறது. கரைந்து துளை விழுந்ததும் உள்ளே இருக்கும் உப்புக் கரைசல் வெளியே வழிகிறது. தீர்ந்துபோன செல்லை டார்ச்சுக்குள்ளேயே மறந்துவிட்டவர்களுக்கு இதன் முடிவு தெரிந்திருக்கும்.

அல்கலைன் செல் இதைவிட நிச்சயம் மேல். சக்தி அதிகம், விலையும் கட்டுப்படியாகும், எந்த ஊரிலும் கிடைக்கும். அதன் அட்டையில் 10 ஆண்டு வரை கெடாது என்று போட்டிருப்பதையும் பார்த்திருப்பீர்கள். அது பொய்யில்லை, ஆனால் அறை வெப்பத்தில், அதாவது 20 டிகிரி சுற்றுவட்டாரத்தில் வைத்தால் என்ற கணக்கு அது. நம் வீட்டு அலமாரிக்கே அந்தக் கணக்கு முழுதாகப் பொருந்தாது, காருக்கு எங்கே பொருந்தும்? பொதுவாக 54 டிகிரி வரை அல்கலைன் செல் வேலை செய்யும் என்கிறார்கள். வெயிலில் நின்ற காரின் சீட்டே 51 டிகிரி என்றால், வருடத்தில் பல மாதம் அந்த எல்லையின் விளிம்பிலேயே அதை வைத்திருக்கிறோம் என்று அர்த்தம். சூட்டில் துத்தநாகம் மெல்ல அரிக்கப்பட்டு ஹைட்ரஜன் வாயு சேர்கிறது. உள்ளே அழுத்தம் ஏறி அடைப்பு விட்டுக்கொடுத்ததும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்ற காரக் கரைசல் கசிகிறது. காற்றில் உள்ள கரியமில வாயுவோடு அது சேர்ந்து வெள்ளைப் பொடியாக உறைகிறது. பின்மூடியைத் திறந்தால் ஸ்பிரிங்கின் சுருள்களுக்கிடையே அந்தப் பொடி அப்பியிருக்கும், பித்தளை பச்சை பூத்திருக்கும், பல நேரம் செல்லே வீங்கிக் குழாய்க்குள் இறுகிப்போய் வெளியே வராது. அப்போது செலவு ஒரு செல்லோடு முடிவதில்லை, டார்ச்சும் போகிறது. பொடியை வெறும் கையால் தொடாதீர்கள்; பஞ்சில் எலுமிச்சைச் சாறு நனைத்துத் துடைத்தால் காரம் முறியும்.

இந்த இடத்தில் உங்களில் விவரமானவர்கள் குறுக்கிடுவீர்கள்: செல் மாற்றும் தொல்லையே வேண்டாம், சார்ஜ் ஏற்றும் லித்தியம் அயான் டார்ச் இருக்கிறதே, காரிலேயே யுஎஸ்பி இருக்கிறதே என்று. இந்த மறுப்பைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன், ஏனென்றால் வீட்டுக்கு அதுவே சிறந்த டார்ச். தினமும் பயன்படுத்தி, தினமும் சார்ஜ் ஏற்றி, மின்விசிறிக் காற்றில் வைத்திருக்கும் பொருளுக்கு லித்தியம் அயானை விஞ்ச எதுவும் இல்லை. காரில் நிலைமை வேறு. லித்தியம் அயான் செல் விரைவில் முதுமையடைய இரண்டு காரணங்கள் போதும்: முழுச் சார்ஜில் வைப்பது, சூட்டில் வைப்பது. அவசரத்துக்கு வைக்கும் டார்ச்சை நீங்கள் முழுச் சார்ஜில்தான் வைப்பீர்கள், காரோ சூட்டைத் தந்துகொண்டே இருக்கிறது. இரண்டும் சேர்ந்து ஒரே செல்லைத் தாக்குகின்றன. முன்னணித் தயாரிப்பாளர்கள் சிலரின் விவரத்தாளைப் பார்த்தால், ஒரு மாதம் வைப்பதற்கு 60 டிகிரி, மூன்று மாதத்துக்கு 45, ஓராண்டுக்கு 20 அல்லது 25 என்று காலம் நீள நீள அனுமதி குறைந்துகொண்டே வரும். நம் காரில் ஓராண்டு என்பது அந்தப் பட்டியலுக்குள் அடங்கவே இல்லை. தரமான செல்லுக்கே இந்தக் கதி. சந்தையில் 9900 எம்ஏஎச் என்று அச்சடித்து மலிவாக விற்கும் 18650 செல்களை என்னவென்று சொல்வது? 18 மில்லிமீட்டர் குறுக்களவும் 65 மில்லிமீட்டர் நீளமும் உள்ள அந்தக் குப்பிக்குள் நம்பகமான தயாரிப்பாளர்களால் அடைக்க முடிவது 3500 சுற்றில்தான். எழுதிய எண்ணிலேயே உண்மை இல்லாத செல்லில், உள்ளே பாதுகாப்புச் சுற்று இருக்கும் என்று எதை நம்பி 69 டிகிரி டேஷ்போர்டின் மேல் வைப்பது? பக்கத்தில் குழந்தையின் சீட் இருக்கிறது என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

சார்ஜ் ஏற்றும் நிக்கல் செல் பற்றியும் ஒரு வார்த்தை. சாதாரண நிக்கல் செல் சும்மா இருந்தாலே சில மாதத்தில் காலியாகிவிடும். எனிலூப் போன்ற மெதுவாக இறங்கும் வகை 2005இலிருந்து கிடைக்கிறது, ஆண்டுக்கணக்கில் சக்தியைத் தக்கவைக்கிறது. ஆனால் அந்தத் தக்கவைப்பும் 20 டிகிரிக் கணக்குதான். வீட்டில் சார்ஜர் வைத்து மாதம் தவறாமல் மாற்றும் ஒழுங்கு உங்களுக்கு இருந்தால் தாராளமாக அதைப் போடுங்கள். அந்த ஒழுங்கு எல்லா வீட்டிலும் இருக்கும் என்று எண்ணி நான் இந்த மடலை எழுதவில்லை. கையால் சுற்றிச் சார்ஜ் ஏற்றும் டார்ச்சையும் சிலர் பரிந்துரைப்பார்கள். அதற்குள்ளும் ஒரு சின்னச் சார்ஜ் செல் இருக்கிறது, அதுவும் இதே சூட்டில்தான் வேகிறது.

அப்படியானால் எதைத்தான் போடுவது? சார்ஜ் ஏற்றாத, ஒருமுறை மட்டும் பயன்படும் லித்தியம் பென்சில் செல்லை. அதே அளவு, அதே 1.5 வோல்ட், டார்ச்சை மாற்ற வேண்டியதில்லை. உள்ளே இருப்பது லித்தியமும் இரும்பு டைசல்பைடும். லித்தியம் அயானோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். எனர்ஜைசர் அல்டிமேட் லித்தியம் என்ற பெயரில் வருவது இந்த வகைதான். மைனஸ் 40இலிருந்து 60 டிகிரி வரை தாங்கும் என்பது அதன் விவரத்தாள், சேமிப்பு ஆயுள் 20 ஆண்டு. அதில் தண்ணீர் கலந்த கரைசலே இல்லை என்பதால் அல்கலைன்போலக் காரம் கசிந்து டார்ச்சைத் தின்னும் வேலை நடப்பதில்லை. எடையும் குறைவு; அல்கலைன் பென்சில் செல் 23 கிராம் என்றால் இது 15 கிராம். வாங்கும்போது அட்டையில் லித்தியம் என்ற சொல்லோடு, சார்ஜ் ஏற்றக் கூடாது என்ற எச்சரிக்கையும் இருக்கிறதா என்று பாருங்கள். புதிதாக இருக்கும்போது இதன் மின்னழுத்தம் 1.5க்குச் சற்று மேலே நிற்கும். ஆகவே லித்தியம் செல் போடலாமா என்று டார்ச்சின் குறிப்பேட்டில் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

விலை அதிகம் என்பீர்கள். ஆம், அல்கலைனைவிடப் பல மடங்கு. இரண்டு செல்லுக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு மலிவு டார்ச்சையே வாங்கிவிடலாம் என்பதும் உண்மை. ஆனால் இந்த இரண்டு செல்லைத் தினமும் எரிக்கப் போவதில்லையே. ஆண்டுக்கணக்கில் காத்திருந்து ஓர் இரவில் வேலை செய்ய வேண்டிய பொருளுக்கு, எத்தனை ஆண்டு காத்திருக்கும் என்பதைக் கொண்டு விலையைக் கணக்கிட வேண்டும். அப்படிப் பார்த்தால் ஒரு டேங்க் பெட்ரோலின் சிறு பங்குதான் ஆகிறது. அதற்கும் மனம் வரவில்லை, அல்லது உங்கள் ஊர்க் கடையில் கிடைக்கவில்லை என்றால் அல்கலைனே போகட்டும், இரண்டு நிபந்தனையோடு. முதலாவது, செல்லை டார்ச்சுக்குள் போடாமல், முனைகள் ஒன்றையொன்று தொடாத சின்னப் பிளாஸ்டிக் டப்பாவில் தனியாக வைத்து, டார்ச்சோடு ரப்பர் பேண்டால் கட்டி வையுங்கள். கசிந்தால் செல்லோடு போகட்டும். இருட்டில் எப்படிப் போடுவது என்று கேட்பது சரிதான். ஒற்றை நெட்டுக் குழாயில் பிளஸ் முனை எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதை விரலால் தடவியே பழகிவிடலாம், வீட்டில் விளக்கை அணைத்துவிட்டு இரண்டு முறை செய்து பார்த்தால் போதும். இரண்டாவது, ஆண்டுக்கு ஒருமுறை கட்டாயம் மாற்ற வேண்டும், அதுவும் எல்லாச் செல்லையும் ஒருசேர. பழையதோடு புதியதைக் கலந்தால், முதலில் தீரும் பலவீனமான செல்லை மற்றவை தலைகீழாகத் தள்ளுகின்றன. கசிவு பெரும்பாலும் அந்தச் செல்லில்தான் தொடங்கும். மாற்றிய செல்லைத் தூக்கிப் போட வேண்டாம், ரிமோட்டுக்கோ கடிகாரத்துக்கோ இன்னும் பல மாதம் உழைக்கும்.

டார்ச்சைப் பற்றி இவ்வளவு தாமதமாகப் பேசுவதற்குக் காரணம் இப்போது புரிந்திருக்கும். இரண்டு பென்சில் செல் போடும் சாதாரண எல்இடி டார்ச் போதும். அட்டையில் 1000 லூமன், 5000 லூமன் என்று போட்டிருப்பதைக் கண்டு மயங்காமல் ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். நல்ல எல்இடி ஒரு வாட்டுக்கு ஏறக்குறைய 100 லூமன் தரும். 1000 லூமனுக்கு 10 வாட் வேண்டும். அப்படி அச்சடித்த மலிவு டார்ச்சில் போடும் மூன்று சின்னப் பென்சில் செல்லுக்குள் மொத்தமாகவே நாலு வாட்-மணி அளவுதான் சக்தி. அந்தச் செல்லால் ஒரு நொடிகூட 10 வாட்டை ஒழுங்காகத் தள்ள முடியாது. ஆகவே அந்த எண் அட்டையில் மட்டும் இருக்கிறது. மாறாக, டயர் மாற்றுவதற்கும் பானட்டுக்குள் பார்ப்பதற்கும் 100 லூமன் தாராளம். அதைவிட அதிகமானால் பக்கத்தில் இருக்கும் வெள்ளைத் தகட்டில் பட்டுக் கண் கூசும். இரண்டு லித்தியம் பென்சில் செல்லில் எட்டு, ஒன்பது வாட்-மணி உண்டு. இடையில் வீணாவதைக் கழித்தாலும் 100 லூமனில் ஆறேழு மணி நேரம் எரியும். பொழுது விடியும் வரை காத்திருக்கப் போதுமான நேரம். அட்டையில் எஃப்எல்1 என்ற தரக்குறி இருந்தால் எண்களை ஓரளவு நம்பலாம். ஆனால் அதில் எரியும் நேரம் என்பது, வெளிச்சம் தொடக்கத்தில் இருந்ததில் பத்தில் ஒரு பங்காகக் குறையும் வரை என்பதை நினைவில் வையுங்கள்.

இன்னும் இரண்டு நுணுக்கம். அழுத்தினால் டக்கென்று சத்தம் வரும் பழைய பாணி சுவிட்சுள்ள டார்ச்சையே கேளுங்கள். தொட்டால் எரியும் மின்னணு சுவிட்ச், அணைந்திருக்கும்போதும் துளித் துளியாக மின்சாரம் குடிக்கும். ஒரு மாதத்தில் தெரியாது, இரண்டு வருடத்தில் தெரியும். அந்த வகைதான் கையில் இருக்கிறது என்றால் பின்மூடியைக் கால் திருகு தளர்த்தி வைத்தால் பல டார்ச்களில் இணைப்பு அறுந்துவிடும். ஒரு தாள் துண்டைச் செல்லின் முனையில் வைத்தாலும் போதும். அடுத்தது, கையில் பிடிக்கும் டார்ச்சைவிட நெற்றியில் மாட்டும் விளக்கு காருக்கு மேல் என்பது என் தீர்மானமான கருத்து. ஜாக்கியைச் சுற்ற ஒரு கை, ஸ்பேனருக்கு ஒரு கை என்று இரண்டும் போய்விட்ட பிறகு டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு நிற்பதில் என்ன பாதுகாப்பு? இதிலும் சார்ஜ் வகையைத் தவிர்த்து, பென்சில் செல் போடுவதாகப் பார்த்து வாங்குங்கள். மழைக்கு ஐபிஎக்ஸ்4 குறியீடு போதும். தண்ணீர் தேங்கும் பகுதியில் இருப்பவர்கள் ஐபிஎக்ஸ்7 கேட்கலாம்.

வைக்கும் இடம். டேஷ்போர்டின் மேலும், பின்கண்ணாடியை ஒட்டிய தட்டின் மேலும் வேண்டாம். லித்தியம் செல்லின் 60 டிகிரியையும் தாண்டும் இடங்கள் அவை. டிரைவர் சீட்டுக்கு அடியிலும் வேண்டாம். உருண்டையான டார்ச் பிரேக் பெடலுக்கு அடியில் உருண்டுபோய் மாட்டினால் காப்பாற்ற வைத்த பொருளே ஆளைக் கொல்லும். டிக்கி குளிர்ச்சிதான், ஆனால் பின்னால் இடி வாங்கினால் டிக்கி திறக்காது. முன்பக்கம் மூடி போட்ட பெட்டிக்குள், ஆர்சி புத்தகத்தோடு ஒரு துணிப்பையில் சுற்றி வைப்பதே சரி. கண்ணாடி வழியே விழும் வெயில் அங்கே நேரடியாகப் படாது, சீட் பெல்ட்டைக் கழற்றாமலே கையும் எட்டும்.

கார் பேட்டரி இருக்கும்போது, ஹெட்லைட் இருக்கும்போது இவ்வளவு பேச்சு எதற்கு என்று இன்னும் சிலருக்குத் தோன்றலாம். ஹெட்லைட் முன்னால் மட்டும்தான் அடிக்கும். வேலை பெரும்பாலும் பக்கவாட்டிலும் பின்னாலும் அடியிலும். வண்டி நின்றதற்குக் காரணமே அந்தப் பேட்டரியாக இருக்கலாம், அப்போது நாலு பக்கமும் மின்னும் பார்க்கிங் லைட்டும் சேர்ந்துதான் மங்கும். 1033க்கு அழைத்தால் வண்டி வருமே என்றால், வரும். தேசிய நெடுஞ்சாலையில் வரும். கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் ஒன்றிலோ, குலதெய்வம் கோயிலுக்குப் போகும் ஒற்றைத் தார்ச்சாலையிலோ நீங்கள் நின்றால் யாரை அழைப்பது? வந்து உதவ ஆள் கிடைத்தாலும், நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று தூரத்திலிருந்தே அவருக்குக் காட்ட உங்கள் கையில் ஒரு வெளிச்சம் வேண்டும்.

ஆகவே என் வேண்டுகோள் இது. ஆண்டுக்கு ஒரு நாள் நம்மில் பெரும்பாலோர் தவறாமல் காரைக் கழுவி, பொட்டு வைத்து, மாலை போட்டு, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து எடுக்கிறோம். அந்த ஆயுத பூஜை வடகிழக்குப் பருவமழை தொடங்கும் தறுவாயில் வருகிறது. புயலும் இருட்டும் அதற்குப் பிறகுதான். பூஜை கொண்டாடாத வீட்டார் அதே வாரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையை எடுத்துக்கொள்ளுங்கள். அன்று டார்ச்சை வெளியே எடுத்து எரித்துப் பாருங்கள். பின்மூடியைத் திறந்து ஸ்பிரிங்கைப் பாருங்கள். அல்கலைன் என்றால் புதிது போடுங்கள். லித்தியம் என்றால் மேலே அச்சிட்ட ஆண்டைப் படித்துவிட்டுத் திரும்ப வையுங்கள். சார்ஜ் டார்ச் காரில் இருந்தால் அதை வீட்டுக்குள் கொண்டுபோய்விடுங்கள், அங்கே நன்றாக உழைக்கும். காரில் ஏறும் எல்லோருக்கும், வண்டி ஓட்டத் தெரியாத பாட்டிக்கும் பள்ளிப் பிள்ளைக்கும் சேர்த்து, டார்ச் எங்கே இருக்கிறது, எப்படி எரிய வைப்பது என்று அன்றைக்கே காட்டிக் கொடுங்கள். ஓட்டுபவரே அடிபட்டுக் கிடந்தால் அதை எடுக்க வேண்டியவர்கள் அவர்கள்தான். கடைக்காரரிடம் லித்தியம் பென்சில் செல் வாங்கி வைக்கச் சொல்லியும் கேளுங்கள். கேட்பார் இல்லாததால்தான் அவர் அதை வாங்கி வைப்பதில்லை.